எட்டு மணிக்கு முன் ஏறும் திரை

நவம்பர் 12, புதன். இன்று ஒரு சிறு தவறு. காலையில் எதிர் வீட்டுத் திரையைப் பார்க்க மறந்துவிட்டேன். பத்து மணிக்குத்தான் நினைவு வந்தது. பார்த்தபோது ஏறித்தான் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

எழுதி முடித்த சுன்னிவா கடைசி வாக்கியத்தைக் கோடிட்டு அடித்தாள். செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் ஆசிரியை திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: பார்த்ததை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள். முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்கான சான்றிதழ் வகுப்பு அது. தினமும் ஒரு பக்கம் எழுதியாக வேண்டும். சுன்னிவா ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. எழுதியது சரியா என்ற சந்தேகமும் அவளை ஒருநாள்கூட விட்டதில்லை.

அவள் ஐவின்ட்டோடு வாழ அந்தப் பண்ணைக்கு வந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. நார்வேயின் உள்பள்ளத்தாக்கு ஒன்றில், சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஆட்டுப் பண்ணை. முற்றத்தின் இந்தப் பக்கம் பெரிய வீடு. அந்தப் பக்கம் கோர் வீடு. பண்ணையைப் பிள்ளை கையில் கொடுத்த பிறகு பெற்றவர்கள் குடிபோகிற வீட்டுக்கு அந்தப் பெயர். எல்லாப் பண்ணையிலும் அப்படி ஒன்று உண்டு. அவள் பெட்டிகளோடு வந்து இறங்கிய அன்றுதான் ஐவின்ட்டின் அப்பா ஹல்கிரிம் பெரிய வீட்டைக் காலி செய்தார். அவருடைய கட்டிலும் நாற்காலியும் டிராக்டரில் முற்றத்தைக் கடந்தன. காபிப் பாத்திரத்தை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் கையில் எடுத்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து, அவளைத் தாண்டி நடந்து போனார்.

"அடுப்புல இடது பக்கம் சரியா எரியாது," என்றார். வரவேற்பு அவ்வளவுதான்.

அவருக்கு எழுபத்தொன்பது வயது. மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். நகராட்சி கொடுத்த அபாய மணியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்றார். கைபேசியை அணைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு வைத்திருந்தார். அதனால் அப்பாவும் மகனும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். அவர் சமையலறை ஜன்னலில் கயிற்றை இழுத்தால் சுருண்டு மேலே போகும் திரை ஒன்று இருந்தது. இருட்டியதும் அதை இறக்குவார். காலை எட்டு மணிக்கு முன் ஏற்றுவார். ஏறியிருந்தால் எல்லாம் சரி. இறங்கியே கிடந்தால் பெரிய வீட்டிலிருந்து யாராவது போய்ப் பார்க்க வேண்டும். அடுப்புக்கு மேலுள்ள விளக்கை அவர் அணைப்பதில்லை. அதனால் குளிர்கால இருட்டிலும் இங்கே பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்தே தெரியும். இறங்கியிருந்தால் மங்கல் மஞ்சள். ஏறியிருந்தால் பளிச்சென்ற மஞ்சள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வாழ முடிகிற ஏற்பாடு. ஐவின்ட் கடல் நடுவே எண்ணெய்த் தளத்தில் வேலை பார்த்தான். இரண்டு வாரம் அங்கே, நான்கு வாரம் வீட்டில். அவன் இல்லாத நாட்களில் திரையைப் பார்ப்பது அவள் பொறுப்பு.

போன குளிர்காலத்தில் ஒருமுறை, திரை ஏறியிருந்தபோதே, சூடான சூப்பை எடுத்துக்கொண்டு அவள் அங்கே போய்விட்டாள். ஹல்கிரிம் உள்ளாடையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குனிய முடியாமல், காலுறையை ஒரு பிளாஸ்டிக் கருவியில் மாட்டிக் காலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். பாதி ஏறியிருந்தது. முகம் சிவந்து போனது.

"திரை மேலதானே இருக்கு? கண்ணு தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சுது. சூப் ஆறிடுமேன்னு..."

"திரை ஏறினா நான் எழுந்துட்டேன்னு அர்த்தம். உள்ள வான்னு அர்த்தமில்ல. உங்க திரையை நானும்தான் பாக்கறேன். அது இறங்கிக் கிடந்தா வருவேன். இல்லன்னா நீ உன் வீட்ல இரு, நான் என் வீட்ல இருக்கேன்."

சொன்னபடியே ஒருநாள் வந்தார். அன்று அவள் காய்ச்சலில் எழவில்லை. எட்டேகாலுக்கு முற்றத்துப் பனியில் காலடிச் சத்தம். படியில் பூட்சைத் தட்டும் சத்தம். வலது காலை இரண்டு தடவை ஓங்கி, இடது காலை ஒரே தடவை, மெதுவாக. கதவு திறந்தது. அவர் உள்ளே வரவில்லை. வாசல் நடையில் நின்றபடியே கேட்டார்.

"உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்ப திரையை ஏத்து."

போய்விட்டார். ஐவின்ட்டிடம் போனில் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்பாவுக்கு உன்னைப் பிடிச்சுப் போச்சுன்னு அர்த்தம் அது. எங்க அம்மாகிட்டகூட அவ்வளவு பேசினதில்ல."

அந்தப் பதின்மூன்றாம் தேதி வியாழக்கிழமை திரை ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமையும் ஏறியிருந்தது. அன்றிரவு பனி கொட்டியது.

சனிக்கிழமை காலை முற்றம் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. கோர் வீட்டுக் கதவிலிருந்து விறகுக் கொட்டகை வரை ஒரு தடமும் இல்லை. சுன்னிவா இறைச்சி உருண்டை செய்து, மூடியிட்ட டப்பாவில் அவர் வீட்டுப் படியில் வைத்துவிட்டு வந்தாள். கதவைத் தட்டவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டுக் கழுவிய டப்பாவை மறுநாள் காலையில் இந்தப் படியில் வைப்பார். அதுதான் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை டப்பா அங்கேயே இருந்தது. மூடி மேல் விரற்கடை உயரத்துக்குப் பனி.

திரை ஏறியிருந்தது.

தளத்தில் இருந்த ஐவின்ட்டைப் போனில் அழைத்தாள். பின்னால் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"திரை?"

"ஏறியிருக்கு."

"அப்புறம் என்ன?"

"டப்பா வெச்ச இடத்துலயே இருக்கு. பனியில தடமும் இல்ல."

"உருண்டை நீ செஞ்சதா?"

"ஐவின்ட்."

"சும்மா சொன்னேன்மா. அவரைத் தெரியாதா உனக்கு? மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா ஒரு வாரம் வெளிய தலை காட்டமாட்டார். திரை ஏறினாப் போதும். அதானே பேச்சு?"

அதுதான் பேச்சு. திரை ஏறியிருக்கும்போது போனால் மறுபடியும் அந்தச் சிவந்த முகம். போகாவிட்டால்? வகுப்பில் மற்றவர்கள் இதற்குள் போயிருப்பார்கள் என்று தோன்றியது. மற்றவர்களுக்கு எது எப்போது என்று தெரிந்திருக்கிறது. தனக்குத்தான் எப்போதும் ஒரு அடி முன்னே போய்விடுகிறது, அல்லது ஒரு அடி பின்னே.

திங்கட்கிழமை அவள் எட்டு மணிக்கு வெகு முன்பே ஜன்னலருகே போய் நின்றாள். வெளியே கன்னங்கரிய இருட்டு. எதிரே மங்கல் மஞ்சளாக ஒரு சதுரம். திரை இறங்கியிருந்தது. நேற்று சாயங்காலம் இருட்டியபோது அது இறங்கியதும் அவளுக்கு நினைவிருந்தது.

திரை அசைந்தது.

அடியிலிருந்து பளிச்சென்ற வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. கோடு அகலமானது. மெல்ல, நின்று நின்று, மூச்சு வாங்கி வாங்கி ஒருவர் இழுப்பதுபோல் திரை ஏறியது. உச்சிக்குப் போய் நின்றது. பின்னால் அடுப்பு விளக்கு. மேசை. நாற்காலியின் முதுகு. காபிப் பாத்திரம்.

யாரும் இல்லை.

இப்போது வருவார், கோப்பையை எடுக்க வருவார் என்று நின்றாள். திறந்துவிட்ட குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் வரவில்லை.

அன்றைய பக்கத்தில் எழுதினாள்: திரை ஏறியது. ஏற்றியவரைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேல் பண்ணை பெரித் காரை நிறுத்திவிட்டு வந்தாள். அறுபது வயது, வாய் ஓயாத மனுஷி.

"என்ன பொண்ணே, உங்க கிழவர் உயிரோட இருக்காரா இல்லையா? ஞாயித்துக்கிழமை சீட்டாட வரல. தோத்துக்கிட்டே இருக்கார்னு ரோஷமா?"

"திரை ஏறியிருக்கு," என்றாள் சுன்னிவா.

"திரை சீட்டாடுமா?"

இருவரும் முற்றத்தைக் கடந்தார்கள். பெரித் டப்பாவைப் பார்த்தாள். தட்டாமலே கதவைத் திறந்தாள்.

சமையலறையில் காபி அடிப்பிடித்துக் காய்ந்த வாசனை. அதற்குக் கீழே இன்னொரு வாசனை, லேசாக, இனிப்பாக. திரைக் கயிறு எப்போதும்போல ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டியிருந்தது. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. பெரித் திறந்தாள். உள்ளேயும் வெளியே இருந்த அதே குளிர். எந்தக் குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் அவர் தூங்குவார். பனி உள்ளே அடித்து, தரையில் சின்ன மேடாகக் குவிந்திருந்தது.

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் ஹல்கிரிம் குப்புறக் கிடந்தார். ஒரு கை கதவுப் பக்கம் நீண்டிருந்தது. ஒரு காலில் மட்டும் காலுறை.

"ஐயோ கடவுளே," என்றாள் பெரித். "ஐயோ, இத்தனை நாளா."

சுன்னிவாவுக்கு அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அந்த இன்னொரு காலுறை எங்கே என்று அவள் கண் தேடியது. கட்டிலடியில், பிளாஸ்டிக் கருவியிலேயே மாட்டியபடி கிடந்தது.

மருத்துவர் வந்தார். போலீஸ்காரர் ஒருவர் வந்தார். அவளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும்.

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"திரையையா, அவரையா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவரை."

"போன வாரம் திங்கக்கிழமை. விறகு எடுத்துக்கிட்டிருந்தார்."

"திரையை?"

"இன்னைக்குக் காலையில. தினமும். ஏறியிருந்தது."

மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "இறந்து ஒரு வாரம் இருக்கும். புதன்கிழமை காலைன்னு நினைக்கிறேன். உடனே போகல. விழுந்ததுக்கப்புறம் கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்கு. ஒருமணி, ரெண்டுமணி."

புதன்கிழமை.

அவள் மறந்த காலை. பத்து மணிக்குப் பார்த்தபோது திரை ஏறியிருந்தது. எட்டு மணிக்கு? எட்டு மணிக்கு அது எப்படி இருந்தது என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"தினமும் பாக்கற ஒண்ணைப் பார்த்ததாவே நினைச்சுக்கறது சகஜம்தான்," என்றார் போலீஸ்காரர், கனிவாக. அவள் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

ஐவின்ட் ஹெலிகாப்டரில் வந்து சேர்ந்தான். கத்தவில்லை. அதற்கு மறுநாள், பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"பார்க்கலன்னா பார்க்கலன்னு சொல்லிடு. நான் கோவப்படமாட்டேன். பார்த்தேன்னு மட்டும் சொல்லாதே."

"திங்கட்கிழமை அது ஏறினதையே பார்த்தேன்."

அவன் தட்டை அடுக்கினான். "சரி," என்றான். அதை நம்பாதவன் சொல்கிற சரி.

புதன்கிழமையைப் பற்றி அவள் சொல்லவில்லை. நாக்கு வரை வந்தது. ஒன்றை நம்பாதவன் மற்றதை மட்டும் நம்பிவிடுவான் என்று பயமாக இருந்தது. இதற்கு மேல் அவர்கள் இரண்டு பேர் இந்த வீட்டில் சேர்ந்து இருப்பது எப்படி என்றும் தெரியவில்லை.

அடக்கம் முடிந்தது. கோர் வீட்டைக் காலி செய்தார்கள். கட்டில் போனது. நாற்காலி போனது. ஐவின்ட் மெயின் சுவிட்சை அணைத்தான். அடுப்பு விளக்கு முதல் தடவையாக அணைந்தது. கடைசியில் சமையலறைத் திரையை அடிவரை இறக்கிவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஜனவரியில் வாடகைக்கு விட்டுவிடலாம் என்றான். சுன்னிவாவின் வகுப்பில் ஒரு பெண் வீடு தேடிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் பிறந்தது. சுன்னிவா எழுந்தாள், ஆடுகளுக்குத் தீவனம் போட்டாள், படுத்தாள். பாத்திரம் கழுவும்போது ஜன்னலைப் பார்க்கக் கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று கழுவப் பார்த்தாள். ஐவின்ட் அதைக் கவனித்தான். அன்று சாயங்காலம் தங்கள் சமையலறைத் திரையை இறக்கியவன், "நாளைக்கு இது இப்படியே இருக்கட்டும்," என்றான்.

"ஏத்த வேணாமா?"

"எதுக்கு? யார் பாக்கப் போறாங்க?"

இரவு முழுக்கப் பனி பெய்து, விடியுமுன் நின்றது.

காலையில் இருவரும் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டி, பழுப்புச் சீஸ், காபி. திரை இறங்கியிருந்ததால் சமையலறை சின்னதாக, மூடிய பெட்டிக்குள் இருப்பதுபோல் இருந்தது. வானொலி எட்டு மணிச் செய்தி சொன்னது. அப்புறம் வானிலை. ஐவின்ட் வானொலியை அணைத்துவிட்டு இன்னொரு கோப்பை ஊற்றினான்.

அப்போது முற்றத்தில் பனி நொறுங்கியது.

நர்ர்ரக். ஒரு இழுவை. நர்ர்ரக். ஒரு இழுவை.

"பெரித்," என்றான் ஐவின்ட். ஆனால் கார் சத்தம் கேட்கவில்லை. இந்தப் பனியில் மேல் பண்ணையிலிருந்து யாரும் நடந்து வருவதில்லை.

சத்தம் அவசரமில்லாமல் நெருங்கியது. படிக்கு வந்தது. நின்றது.

வலது கால், ஓங்கி.

மறுபடி வலது கால்.

பிறகு இடது. மெதுவாக, ஒரே தடவை.

ஐவின்ட்டின் கையில் கோப்பை சாய்ந்து காபி மேசையில் ஓடியது. அவன் அதைப் பார்க்கவில்லை. அவனுக்கு வயது முப்பத்தொன்று. அந்த மூன்று சத்தத்தையும் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன்.

வெளிக்கதவு திறந்தது. தரையோடு குளிர் ஊர்ந்து வந்து அவர்கள் காலைத் தொட்டது. கூடவே ஈரக் கம்பளி வாசனை, அடிப்பிடித்த காபி வாசனை. அதற்குக் கீழே, லேசாக, இனிப்பாக, அந்த இன்னொன்று.

நடையில் யாரோ நின்றார்கள். உள்ளே வரவில்லை.

மௌனம்.

அது ஒன்றுமில்லாத மௌனம் இல்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மௌனம். அந்தக் கேள்வி என்னவென்று சுன்னிவாவுக்குத் தெரியும்.

"இருக்கேன்," என்றாள்.

அசைவில்லை. குளிர் முழங்கால் வரை ஏறிவிட்டது.

"அப்பா," என்றான் ஐவின்ட், சத்தமே வராமல், உதட்டால் மட்டும்.

சுன்னிவா எழுந்தாள். ஜன்னலருகே போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். திரை சுருண்டு மேலே போனது.

முற்றத்துக்கு அப்பால், இருட்டில், கோர் வீட்டுச் சமையலறை பளிச்சென்ற மஞ்சளாக எரிந்தது. அங்கேயும் திரை ஏறியிருந்தது.

பின்னால் வெளிக்கதவு சாத்திக்கொண்டது. படி இறங்கும் சத்தம். நர்ர்ரக். ஒரு இழுவை. ஜன்னலுக்கு நேர் எதிரே, அவள் கண் முன்னாலேயே, சத்தம் முற்றத்தைக் கடந்து போனது. முற்றத்தில் யாரும் இல்லை. அந்தக் கதவு வரை போய் நின்றது. மஞ்சள் வெளிச்சம் அணைந்தது.

வானம் சாம்பல் நிறத்துக்கு வந்தபோது பனியில் தடம் தெரிந்தது. அந்தக் கதவிலிருந்து இந்தப் படி வரை, இந்தப் படியிலிருந்து அந்தக் கதவு வரை. வலது பாதம் ஆழமாக. இடது பாதத்துக்கு முன்னால் நீளமாக ஒரு கீறல்.

"நீ பார்த்திருக்கே," என்றான் ஐவின்ட். "தினமும் பார்த்திருக்கே. நான்தான்..."

"ஒருநாள் பார்க்கல."

அவன் திரும்பினான்.

"புதன்கிழமை. மறந்துட்டேன். பத்து மணிக்குத்தான் பார்த்தேன்." சொல்லிவிட்டாள். சொன்ன பிறகும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. மரத்துப்போன விரலைக் கடித்துப் பார்ப்பதுபோல் இருந்தது. "எட்டு மணிக்குப் பார்த்திருந்தா அவர் பிழைச்சிருப்பாரோ என்னவோ."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வருமென்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. ஆறுதலும் வரவில்லை.

"அவர் எட்டேகாலுக்கு வந்துட்டார்," என்றான் கடைசியில். "உனக்கு."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். படியிலிருந்து கோர் வீட்டுக் கதவு வரை பனியை ஒரே சீராக வாரித் தள்ளினான். கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்தான். பூட்டித்தான் இருந்தது. சாவி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. உள்ளே வந்து கை கழுவிவிட்டு, வாடகைக்குக் கேட்ட பெண்ணுக்குச் செய்தி அனுப்பினான்: வீடு காலியாக இல்லை.

அன்று மாலை வகுப்புக்குப் போகாமல் சுன்னிவா தன் பக்கத்தை எழுதினாள்.

டிசம்பர் 2, செவ்வாய். எங்கள் திரை எட்டு மணிக்கு ஏறவில்லை. எட்டேகாலுக்கு ஆள் வந்த சத்தம். ஆளைப் பார்க்கவில்லை. தடம் பார்த்தேன், போக ஒன்று, வர ஒன்று. எதிர் வீட்டில் மின்சாரம் இல்லை. விளக்கு எரிந்தது. நாளை விடியுமுன் ஐவின்ட் தளத்துக்குக் கிளம்புகிறான். இரண்டு வாரம் நான் மட்டும்.

நாளை: எட்டு மணிக்கு முன் திரையை ஏற்ற வேண்டும்.